கோலத்தின் இலக்கணமும் கணினியின் படமொழியும்

படங்களைப் பற்றி வானொலியில் பேசுவது சற்றே விபரீதமான காரியம். கண்ணால் காண வேண்டியதைக் காதுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகையால், கையெட்டும் தூரத்தில் ஒரு காகிதமும் பென்சிலும் இருக்குமானால் எடுத்து வைத்துக்கொள்ளுமாறு முதலிலேயே வேண்டிக்கொள்கிறேன். நான் சொல்லச் சொல்ல நீங்கள் வரையலாம். என் மேசைமேல் இருக்கும் படமும் உங்கள் காகிதத்தில் தோன்றும் படமும் ஒன்றாகவே அமைந்துவிட்டால், இன்றைய விஷயத்தில் பாதி விளங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

சித்தூரிலிருந்து திருப்பதி ஏறத்தாழ 70 கிலோமீட்டர். மார்கழி மாதத்து விடியற்காலையில் அந்தச் சாலை வழியே செல்பவர், ஊருக்கு ஊர் வீட்டு வாயில்களில் பெண்டிர் குனிந்து மாவு இழைப்பதைக் காணலாம். தமிழ் பேசும் வீடு எது, தெலுங்கு பேசும் வீடு எது என்று வாயிலைப் பார்த்துச் சொல்ல இயலாது. ஒரு வீட்டார் கோலம் என்பர். அடுத்த வீட்டார் ‘முக்கு’ என்பர். இரு வீட்டிலும் ஒரு பழைய நோட்டுப் புத்தகம் இருக்கும். அதைப் புரட்டினால், படத்தின் தலைப்பில் ஒரு சிறு குறிப்பைக் காணலாம்: ‘15 புள்ளி, 8 முடிய, இடுக்குப் புள்ளி.’ தெலுங்கு வீட்டு நோட்டில் இடுக்குப் புள்ளிக்குப் பதிலாகச் ‘சந்து சுக்க’ என்று இருக்கும். பொருள் ஒன்றுதான்.

இக்குறிப்பு எவ்வளவு சுருக்கமானது என்று பாருங்கள். நடு வரிசையில் 15 புள்ளி. அதற்கு மேலும் கீழும் உள்ள வரிசைகளில், முந்தைய வரிசையின் இடுக்குகளில் புள்ளி விழ வேண்டும். ஆகவே வரிசைக்கு ஒன்றாகக் குறையும். எட்டு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். இப்படி வைத்தால் எவர் வைத்தாலும் 169 புள்ளிகள்தான் வரும். கூட்டிப் பார்க்க விரும்புவோர் கூட்டிப் பார்க்கலாம். ஒரு சொல்லுக்கு ஒரே பொருள், ஐயத்திற்கு இடமில்லை. கணித நூலார் முறைசார்ந்த குறியீடு என்று கூறுவது இதைத்தான். நம் வீட்டுப் பெண்கள் அப்பெயரை அறியாமலே அதைக் கையாண்டு வந்திருக்கின்றனர்.

ஆனால் இக்குறிப்பு புள்ளிகளைச் சொல்கிறதே தவிர, கம்பி எப்படி ஓட வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. அதற்குத்தான் கீழே படம் போட்டிருக்கிறது. படம் வந்தவுடன் புதியதொரு சிக்கலும் கூடவே வந்துவிடுகிறது. நோட்டில் இருப்பது ஐந்து புள்ளிக் கோலம் என்று வைத்துக்கொள்வோம். பொங்கலன்று வாயில் நிறைய வேண்டும். அதே கோலத்தை ஒன்பது புள்ளியில் போடச் சொல்கிறார் தாயார். மகள் நடுவிலுள்ள பூவைப் பெரிதாக்குகிறாள். அத்தையோ, பூ சிறிதாகவே இருக்க வேண்டும், சுற்றிவரும் வளையந்தான் பெருக வேண்டும் என்கிறார். இருவரும் பார்த்தது ஒரே படம். ‘அதே கோலம்’ என்பதில் வரும் ‘அதே’ என்ற சொல்லுக்கு அந்தப் படம் இலக்கணம் கூறவில்லை. ஒரு குடும்பத்தில் ஒருவரைக் காட்டி, மற்றவர்களை ஊகித்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டது.

இந்த ‘அதே’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தவர்கள் நம்மவர்களே. தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி தம்பதியரும், கமலா கிருத்திவாசனும் சேர்ந்து 1974ஆம் ஆண்டில் கோலத்தின் இலக்கணம் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். கணினி வரைகலைக்கென அமைந்த உலகளாவிய ஏடு ஒன்றில் அது வந்தது. (கிஃப்ட் சிரோமணி புள்ளியியல் பேராசிரியராக விளங்கியவர். புள்ளியியல் அறிந்தவர் புள்ளிக் கோலத்தை ஆராய்ந்தது பொருத்தமே.) 1950களில் நோம் சாம்ஸ்கி என்னும் அமெரிக்க மொழியியலார், ஒரு மொழியின் எண்ணற்ற வாக்கியங்களைச் சில விதிகளிலிருந்தே பிறப்பிக்கலாம் என்று காட்டினார். வாக்கியம் ஒரே வரியில் செல்வது. கோலமோ நான்கு திசையிலும் பரவுவது. ஆகையால் இம்மூவரும் நீளம், அகலம் இரண்டிலும் வளரத்தக்க விதிகளை அமைத்தனர். விரல்விட்டு எண்ணத்தக்க விதிகள்தாம். அவற்றிலிருந்து ஐந்து புள்ளியும் பிறக்கும், ஒன்பதும் பிறக்கும், தொண்ணூறும் பிறக்கும். அவர்கள் எழுதிவைத்தது ஒரு கோலத்தின் படமன்று. ஒரு கோலக் குடும்பத்தின் விதி.

விதி கைக்கு வந்துவிட்டால், வரைந்து பார்க்காமலே சில செய்திகளைக் கணித்துவிடலாம். இப்பொழுது பென்சிலை எடுங்கள். மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு புள்ளி, நேர்ப்புள்ளியாக வையுங்கள். சிக்குக் கோலம் போட வேண்டும். பக்கத்திலோ மேல்கீழாகவோ அடுத்தடுத்து நிற்கும் எந்த இரண்டு புள்ளிக்கும் நடுவே கம்பிகள் குறுக்காகக் கடக்க வேண்டும். ஓரத்திற்கு வந்த கம்பி வளைந்து திரும்ப வேண்டும். போட்டுப் பார்த்தால், கையெடுக்காமல் ஒரே கம்பியில் முடியும். நான்கு வரிசை, நான்கு புள்ளி என்று வைத்து அதே விதியில் போட்டால் தனித்தனியே நான்கு கம்பிகள் வரும். நான்கு வரிசை, ஆறு புள்ளியில் இரண்டு கம்பிகள். காரணம் யாதெனில், வரிசையின் எண்ணிக்கைக்கும் புள்ளியின் எண்ணிக்கைக்கும் உள்ள மீப்பெரு பொது வகுத்தி எதுவோ, அதுவே கம்பிகளின் எண்ணிக்கை. அங்கோலா நாட்டார் மணலில் விரலால் இழைக்கும் கோலங்களிலும் இவ்விதி செல்லும் என்பதை, மொசாம்பிக் நாட்டில் வாழ்ந்த கணித அறிஞர் பவுலஸ் கெர்டஸ் விரிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார். 144 வரிசையும் 89 புள்ளியும் வைத்தால் என்ன ஆகும்? ஒரே கம்பி. அதை வரைந்து பார்க்க ஒருவருக்கும் பொறுமை இராது, வேண்டுவதுமில்லை.

இவ்வளவு நேரம் கோலத்தைப் பேசியதற்குக் காரணம் உண்டு. கணினி மென்பொருள் எழுதுவோர் இதே ‘அதே’யில்தான் பல ஆண்டுகளாக இடறிக்கொண்டிருக்கின்றனர்.

மென்பொருள் என்பது கணினிக்கு எழுதித்தரும் கட்டளைத் தொகுதி. பெரிய மென்பொருளில் இலட்சக்கணக்கான வரிகள் இருக்கும். அவற்றைச் சிறுசிறு பகுதிகளாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் சில கடமைகளும் கொடுப்பர். அப்பகுதியை வகுப்பு, அதாவது ‘கிளாஸ்’ என்பர். அதற்கு விதித்த கடமையைச் செயல்முறை அல்லது ‘மெத்தட்’ என்பர். பல்வேறு ஊர்களில் பல்வேறு வேலைகளுக்காக எழுதப்பட்ட மென்பொருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, அவற்றின் உறுப்புகள் ஒரு சில விதங்களிலேயே மீண்டும் மீண்டும் இணைந்திருப்பதைக் கண்டனர். அத்தகைய இணைப்பு ஒவ்வொன்றையும் வடிவமைப்பு மாதிரி, பொறியாளர் வழக்கில் ‘டிசைன் பேட்டர்ன்’, என்று அழைக்கலாயினர்.

இக்கருத்து கட்டடக் கலையிலிருந்து வந்தது. கிறிஸ்டபர் அலெக்சாந்தர் என்ற கட்டடக் கலைஞரும் அவர் குழுவினரும், ஊரிலும் வீட்டிலும் மக்கள் மனம் ஒன்றி வாழ்வதற்கு ஏற்ற 253 அமைப்புகளை 1977இல் ஒரு நூலாகத் தொகுத்தனர். 1987இல் கென்ட் பெக், வார்ட் கன்னிங்காம் என்னும் இருவர் அம்முறையை மென்பொருளுக்குக் கொண்டுவந்தனர். 1994இல் எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ப் ஜான்சன், ஜான் விலிசைட்ஸ் ஆகிய நால்வர் 23 மாதிரிகளைத் தொகுத்து ஒரு நூல் வெளியிட்டனர். கணினி உலகில் ‘நால்வர்’ என்றாலே இவர்களைத்தான் குறிக்கும். நம் நாட்டில் நால்வர் என்றால் வேறு நால்வரை நினைப்போம், குழம்ப வேண்டுவதில்லை.

அந்த 23இல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். திருப்பதிக்கு வரும் பயணிகளுக்கு உதவ ஓர் அலுவலகம் இருப்பதாகக் கற்பனை செய்யுங்கள். முற்றிலும் கற்பனைதான். அங்கே மூன்று கவுண்டர்கள். ஒன்றில் பஸ் டிக்கெட், ஒன்றில் தங்கும் அறைக்குச் சீட்டு, ஒன்றில் சாமான் வைப்பதற்குச் சீட்டு. மேலாளர் எல்லாக் கவுண்டருக்கும் ஒரே உத்தரவைத்தான் கொடுக்கிறார்: ‘சீட்டுத் தருக.’ எந்தச் சீட்டு என்று அவர் சொல்வதில்லை; அது அந்தந்தக் கவுண்டரின் பொறுப்பு. நாளை புதிதாக ஒரு கவுண்டர் திறந்தால், அதற்கென்று ஒரு சீட்டு அச்சிட்டுக்கொண்டால் போதும். மேலாளரின் உத்தரவையும் மற்றக் கவுண்டர்களையும் தொட வேண்டுவதில்லை. மென்பொருளில் இந்த ஏற்பாட்டுக்கு ‘ஃபேக்டரி மெத்தட்’ என்று பெயர். ஆலை முறை என்று நாம் சொல்லலாம். அதன் பயன் யாதெனில், ஒன்றைச் சேர்க்கும்போது மற்றவை கலையாமல் இருப்பது.

நால்வர் தம் நூலில் ஒவ்வொரு மாதிரிக்கும் அதன் நோக்கம், பயன்படும் இடம், விளைவு ஆகியவற்றை உரைநடையில் விளக்கி, கூடவே படமும் கொடுத்தனர். தெளிவான படங்கள்தாம். ஆயினும் ஆலை முறைக்கு அவர்கள் தந்த படத்தில் கவுண்டர் போன்ற உறுப்பு ஒன்றும், சீட்டுப் போன்ற உறுப்பு ஒன்றும் மட்டுமே காட்டப்பட்டிருக்கின்றன. அதனோடு உறவுடைய வேறொரு மாதிரியின் படத்தில் இரண்டு ஆலைகளும், ஒவ்வோர் ஆலைக்கும் இரண்டிரண்டு பண்டங்களும் இருக்கின்றன. ஐந்து ஆலையும் ஏழு பண்டமும் இருந்தால் எப்படி என்பதைப் படிப்பவரே ஊகிக்க வேண்டும். ஐந்து புள்ளிப் படத்தைக் காட்டி, ஒன்பது புள்ளிக்குப் போகச் சொன்ன தாயாரின் நிலைதான் இதுவும்.

இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். என் தங்கை மகள் ஒருத்தி சித்தூரில் பிறந்து வளர்ந்தவள்; பெங்களூரில் ஒரு நிறுவனத்தில் மென்பொருள் எழுதுகிறாள். ஒரு சமயம் விடுமுறைக்கு வந்தவள் முகம் வாடியிருந்தது. வினவியபோது நடந்ததைச் சொன்னாள். அவளும் மற்றிருவரும் ஒரு வேலையை மூன்று பங்காகப் பிரித்துக்கொண்டார்களாம். பலகையில் ஆலை முறைப் படம் ஒன்றை வரைந்து, மூவரும் தலையசைத்துவிட்டுத் தத்தம் இடத்திற்குச் சென்றிருக்கின்றனர். ஒரு கவுண்டருக்கு ஒரே வகைச் சீட்டு என்று ஒருவர் கொண்டார். ஒரு கவுண்டர் இரண்டு வகை தரலாம் என்று மற்றவர் கொண்டார். இரு கவுண்டர்கள் ஒரே வகையைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று மூன்றாமவர் கொண்டார். தனித்தனியே மூன்றும் ஓடின, சேர்த்தபோது ஓடவில்லை. “மாமா, மூன்று பேரும் ஒரே படத்தைத்தான் பார்த்தோம். இரண்டு இரவு கண் விழித்தும் யார் மேல் தப்பு என்று தெரியவில்லை” என்றாள். யார்மேலும் குற்றமில்லை என்றே எனக்குத் தோன்றியது. நால்வர் நூலே சில மாற்று வடிவங்களை அனுமதிக்கிறது. எதுவரை மாற்று வடிவம், எதற்கு அப்பால் வேறு மாதிரி என்று அப்படம் கோடு கிழிக்கவில்லை.

1997இல் யூஎம்எல் என்னும் பொதுவான படமொழி ஏற்கப்பட்டது. எந்த உறுப்பை எந்த வடிவில் வரைவது, எந்த உறவுக்கு எவ்வகை அம்பு என்பதில் அதுவரை ஆளுக்கொரு வழக்கம் இருந்தது, அது ஒழிந்தது. அது பெரிய நன்மை. ஆனால் அதிலும் வகுப்புகளின் படம் என்பது, பெரும்பாலும் குறிப்பிட்ட சில வகுப்புகளைப் பெயர் சொல்லி வரைவதே. ‘எத்தனை வேண்டுமாயினும் இருக்கட்டும், ஆனால் ஒன்றுக்கு ஒன்றாக இணைந்திருக்கட்டும்’ என்று ஒரு மாதிரி முழுவதையும் சொல்ல வேண்டுமானால், பக்கத்தில் ஒரு குறிப்பு எழுத வேண்டியிருக்கிறது. குறிப்பு எழுதத் தொடங்கிவிட்டால் மறுபடியும் உரைநடைக்கு வந்துவிட்டோம்.

இக்குறையை நீக்கப் பலர் முயன்றனர். 1998இல் அந்தோனி லாடரும் ஸ்டூவர்ட் கென்டும் கணங்களை வட்டமிட்டுக் காட்டும் பழைய தர்க்கப் படங்களை வளர்த்து, மாதிரிகளைத் துல்லியமாக வரையறுக்கும் வழியொன்றைக் கூறினர். வேறு சிலர் யூஎம்எல்லையே செப்பனிட்டனர். எனக்கு அவற்றுள் மனங்கவர்ந்தது, அம்னான் ஈடன் என்பவர் 1990களில் தொடங்கி, பின்னர் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் தம் மாணவர்களுடன் வளர்த்த லெப்பஸ் என்னும் படமொழி. அதன் மூன்றாம் பதிப்பு 2007இல் வெளியாயிற்று. அதில் குறிகள் மிகச் சிலவே. ஒரு படமொழியில் குறிகள் பெருகப் பெருக, அதைக் கற்பவர் தொகை குறையும் என்பது என் எண்ணம். ஆகையால் இச்சிக்கனமே என்னைக் கவர்ந்தது என்று ஒப்புக்கொள்கிறேன்.

மறுபடியும் பென்சிலை எடுங்கள். காகிதத்தின் இடப்பக்கம் ஒரு முக்கோணம் வரைந்து, அதனுள் ‘கவுண்டர்கள்’ என்று எழுதுங்கள். வலப்பக்கம் மற்றொரு முக்கோணம், அதனுள் ‘சீட்டுகள்’. இடப்பக்கத்து முக்கோணத்தின் ஓரத்தின்மேல் படியுமாறு ஒரு நீள்வட்டம். அதனுள் ‘சீட்டுத் தருக’. அந்த நீள்வட்டத்திலிருந்து வலப்பக்கத்து முக்கோணத்தைத் தொடும் ஓர் அம்பு. அம்பின் முனையில் ஒரு தலைக்குப் பதிலாக இரட்டைத் தலை போடுங்கள். அம்பின்மேல் ‘படைக்கும்’ என்று எழுதுங்கள். முடிந்தது. ஆலை முறை என்னும் மாதிரி இந்த நான்கு குறிகளுக்குள் அடங்கிவிட்டது.

இனி ஒவ்வொரு குறியும் என்ன சொல்கிறது என்று காண்போம். இம்மொழியில் நீள்சதுரம் என்றால் ஒரு தனி வகுப்பு. முக்கோணம் என்றால் ஒரு வம்சம்: தலையில் ஒரு வகுப்பும், அதன் வழிவந்த வகுப்புகள் அத்தனையும். மூன்றா, முந்நூறா என்று முக்கோணம் சொல்வதில்லை, சொல்ல வேண்டுவதுமில்லை. நீள்வட்டம் என்பது செயல்முறை. அது முக்கோணத்தின்மேல் படிந்திருந்தால், அந்த வம்சத்து வகுப்பு ஒவ்வொன்றிலும் அச்செயல்முறை உண்டு என்று பொருள். சாரம் முழுவதும் அம்பில் இருக்கிறது. ஒற்றைத் தலை அம்பானால், இப்பக்கத்து உறுப்பு ஒவ்வொன்றும் அப்பக்கத்தில் ஏதேனும் ஒன்றைத் தொட வேண்டும். இரண்டு பேர் ஒன்றையே தொட்டாலும் குற்றமில்லை. இரட்டைத் தலை அம்பானால், ஒன்றுக்கு ஒன்றாக இணை சேர வேண்டும். இருவர் ஒன்றைப் பகிரக் கூடாது. என் தங்கை மகளும் மற்றிருவரும் பலகையில் போட்ட அம்பு எந்த அம்பு? அதை அவர்கள் முடிவு செய்யவே இல்லை. முடிவு செய்ய வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தோன்றவில்லை. அவர்கள் வரைந்த படத்தில் அவ்வினா எழ இடமே இருக்கவில்லை.

துல்லியமான குறியீட்டினால் மனிதருக்கு உண்டாகும் தெளிவு ஒரு பயன். மற்றொன்று, அதை யந்திரத்திடமே ஒப்படைக்கலாம் என்பது. லெப்பஸ் படம் ஒவ்வொன்றும் தர்க்கவியலின் வாக்கியமாக எழுதத்தக்கது. அப்படி எழுதுவதற்கென்றே கிளாஸ்-இஸட் என்னும் எழுத்துமொழி ஒன்றையும் அதனோடு இணைத்துச் செய்தனர். எசெக்ஸ் குழுவினர் அமைத்த கருவி ஒன்று, ஒரு கையில் படத்தையும் மறு கையில் ஜாவா மொழியில் எழுதிய மென்பொருளையும் வாங்கிக்கொண்டு, இரண்டும் பொருந்துகின்றனவா என்று சோதித்துச் சொல்லும். பொருந்தாவிடின் எங்கே பிசகு என்றும் காட்டும்.

அதன் அருமை எங்கே தெரியும் என்பதை நம் கற்பனை அலுவலகத்திலேயே பார்க்கலாம். மென்பொருளை எழுதியவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். பிரம்மோற்சவம் நெருங்குகிறது, குடை வாடகைக்கு விட அவசரமாக ஒரு புதிய கவுண்டர் வேண்டும் என்கின்றனர். புதிதாக வேலைக்கு வந்த இளைஞர், குடைக்கென்று தனிச் சீட்டு வகுக்க நேரமின்றி, சாமான் சீட்டையே அதற்கும் கொடுத்துவிடுகிறார். இரண்டிலும் பெயரும் எண்ணும் தேதியுந்தானே! சீட்டும் அச்சாகிறது; ஒருவர் கண்ணுக்கும் குறை தெரியவில்லை. ஆறு மாதம் கழித்து, சாமானின் எடையையும் சீட்டில் குறிக்க வேண்டும் என்று விதி மாறுகிறது. சாமான் சீட்டைத் திருத்துகின்றனர். மறுநாள் குடை வாங்க வந்தவரிடம் கணினி எடை கேட்கிறது. எடை தராமல் சீட்டு வராது என்கிறது. இதைச் சிரித்துவிட்டு விடலாம். குடைக்குப் பதில் மருந்துச் சீட்டு என்று வைத்துப் பாருங்கள். இளைஞர் அந்த ஒரு வரியை எழுதிய அன்றே கருவி படத்தோடு ஒப்பிட்டிருந்தால், இரண்டு கவுண்டர் ஒரு சீட்டைத் தொடுகின்றன, இது இரட்டைத் தலை அம்பு அன்று, என்று சொல்லியிருக்கும்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அந்த வகுப்பின் தலையில் ‘ஆலை’ என்ற பெயர் அப்படியேதான் இருக்கும். பெயர் நிற்க, பொருள் நகர்ந்துவிடுவது உலக வழக்கம். ஸ்ரீசிட்டியில் 2013இல் தொடங்கிய இந்தியத் தகவல் தொழில்நுட்பக் கழகத்தின் பெயரில் சித்தூர் இருக்கிறது. 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் பிரிந்தபின் அவ்விடமோ திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்துவிட்டது. ஊர்ப் பெயரில் இதனால் ஒரு தீங்கும் இல்லை, தபால்காரர் அறிவார். மென்பொருளுக்குத் தபால்காரர் கிடையாது. பின்னால் வருபவர் பெயரை நம்பியே அடுத்த வரியை எழுதுவார்.

இவ்வளவு நன்மை இருக்கும்போது எல்லாவற்றையும் இம்மொழியிலேயே எழுதிவிடலாமே என்றால், அங்கேதான் எல்லை வருகிறது. ஒரு மென்பொருள் ஓடும்போது என்ன செய்யும் என்பதை எல்லாச் சமயத்திலும் முன்கூட்டியே கூறவல்ல பொதுவான சூத்திரம் கிடையாது. ஆங்கிலக் கணித மேதை ஆலன் டூரிங் 1936இல் இதை ஐயத்திற்கிடமின்றி நிறுவினார். எனவே ஒரு படமொழி எல்லாவற்றையும் சொல்ல ஆசைப்பட்டால், யந்திரத்தால் சோதிக்கும் திறனை இழந்துவிடும். சோதனைதான் முக்கியம் என்றால், சிலவற்றைச் சொல்லாமல் விடத்தான் வேண்டும். ஈடன் குழுவினர் இரண்டாவதையே தேர்ந்தனர். உறுப்புகளின் கட்டமைப்பை மட்டும் அப்படம் கூறும். ஓட்டத்தில் நிகழ்வதைப் பெரும்பாலும் கூறாது.

இதன் விளைவு ஒன்று வேடிக்கையானது. நால்வர் நூலில் ‘ஸ்ட்ராட்டஜி’ என்று ஒரு மாதிரி, ‘ஸ்டேட்’ என்று ஒரு மாதிரி. திருமலைக்குப் பஸ்ஸிலும் போகலாம், அலிபிரிப் படிகளிலும் ஏறலாம், ஸ்ரீவாரி மெட்டு வழியாகவும் நடக்கலாம். சேருமிடம் ஒன்று, வழியைப் பயணி தேர்ந்துகொள்கிறார். இது முதல் மாதிரி. மலைமேல் சென்றபின், அதே பயணி வரிசையில் நிற்கும்போது ஒரு விதமாகவும், தரிசனம் முடித்து வெளிவரும்போது வேறு விதமாகவும் நடந்துகொள்கிறார். நிலை மாற மாற நடத்தை தானே மாறுகிறது. இது இரண்டாம் மாதிரி. கருத்தில் இரண்டும் வேறு என்பதைக் குழந்தையும் அறியும். ஆனால் வகுப்புகளின் கட்டமைப்பை மட்டும் வரைந்தால், இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே படந்தான் கிடைக்கிறது. வேற்றுமை எழுதியவரின் நோக்கத்தில் இருக்கிறது. சிலர் இதைப் படமொழியின் தோல்வி என்பர். அவர்களோடு நான் உடன்படவில்லை. கட்டமைப்பில் இரண்டும் ஒன்றே என்பதும் ஒரு கண்டுபிடிப்புத்தான்; உரைநடையில் தனித்தனி அத்தியாயமாகப் படிக்கும்போது அது கண்ணில் பட்டிராது. சிரோமணி தம்பதியரின் விதியும் இப்படிப்பட்டதே. எந்த அளவிலும் கோலத்தைப் பிறப்பிக்கும்; துக்க வீட்டு வாயிலில் அன்று கோலம் போடலாகாது என்று அதற்குத் தெரியாது. அதைப் பாட்டிதான் சொல்ல வேண்டும்.

தொழில் நடக்கும் இடங்களில் இத்தகைய துல்லியப் படமொழிகள் இன்னும் பெரிதும் பரவவில்லை. பலகையில் கைபோன போக்கில் நான்கு பெட்டி வரைவதே எங்கும் வழக்கம். இருவர் ஒரு வாரத்தில் முடிக்கும் வேலைக்கு அதுவே போதும். அதற்கும் முக்கோணமும் நீள்வட்டமும் கேட்பது, வாயிலில் நாலு இழை இழுப்பதற்கு இலக்கண நூல் கேட்பது போலாகும். ஆயிரம் பேர் தம் மென்பொருளை எழுப்புவதற்கு அடித்தளமாக நிற்கும் நிரல் நூலகங்களின் கதை வேறு. அங்கே எழுதியவரும் பயன்படுத்துபவரும் ஒருவரையொருவர் பார்ப்பதே இல்லை. அம்புக்கு ஒற்றைத் தலையா, இரட்டைத் தலையா என்று எழுந்து கேட்கவும் ஆளில்லை. ஏர்ப்பேட்டிலுள்ள ஐஐடியிலும் ஸ்ரீசிட்டியிலும் பயிலும் மாணவருள் பலர், கோலம் போடும் வீடுகளிலிருந்தே வந்திருப்பர். தாயாரின் நோட்டிலுள்ள ‘8 முடிய, இடுக்குப் புள்ளி’யையும் பாடப் புத்தகத்திலுள்ள அம்புகளையும் அவர்கள் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எனக்குத் தென்படாதது அவர்களுக்குத் தென்படக்கூடும்.

நீங்கள் வரைந்த படம் அருகில்தானே இருக்கிறது? நம் அலுவலகத்தில் குடைக்கென்று முறைப்படி தனிச் சீட்டு வகுத்து, நான்காவது கவுண்டரைத் திறந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் எதைத் திருத்த வேண்டும் என்று ஒரு கணம் பாருங்கள். இரண்டு முக்கோணம், ஒரு நீள்வட்டம், ஓர் அம்பு. ஒன்றையும் தொட வேண்டுவதில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிடலாம்.